கேப்ஸ்யூலை நம்பி ஊசியை விட்ட ஐந்து மாதங்கள்

டயாலிசிஸ் யூனிட்டின் காத்திருப்பு அறையில் உட்கார்ந்து பார்த்தவர்களுக்குத் தெரியும், அங்கே நலம் விசாரிப்பதே வேறு மாதிரி இருக்கும். "ஹெச்பி எவ்வளவு?" என்றுதான் ஆரம்பிப்பார்கள். ஹெச்பி என்றால் ஹீமோகுளோபின், ரத்தத்தின் அளவு. பத்தைத் தாண்டியிருந்தால் முகத்தில் ஒரு தெம்பு வரும். எட்டு என்றால் பேச்சு அதோடு அடங்கிவிடும். எனக்கு இது மூன்றாவது வருடம். வாரத்தில் மூன்று நாள், ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம். ஒரு மீன் எண்ணெய் கேப்ஸ்யூலால் என் ரத்தம் ஊறுகிறது என்று முழு மனதோடு நம்பினேன். யாருக்கும் சொல்லாமல் போட வேண்டிய ஊசியை நிறுத்தினேன். அதனால் கைக்கு எட்டியிருந்த சிறுநீரக மாற்று அறுவையைத் தள்ளிப்போட வேண்டியதாயிற்று. அன்றைக்கு எனக்கு யாராவது இதைச் சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்குமே என்ற ஏக்கத்தில்தான் இதை எழுதுகிறேன்.

ஜனவரியில் எனக்கு ஹெச்பி 8.7. அதற்கு முன்னால் பல மாதங்களாகப் பத்தை ஒட்டியே இருந்தது. எட்டுக்கு இறங்கினால் உடம்பு எப்படி இருக்கும் என்பது அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும். குளித்துவிட்டு வந்தால் கட்டிலில் சாய வேண்டும். தலை வாரக் கையைத் தூக்கினால் கை கனக்கும். பையன் ஏதாவது கேட்டால் பதில் சொல்லக்கூட அலுப்பாக இருக்கும், அதற்கு அவன் முகம் வாடுவதைப் பார்த்தால் அழுகை வரும். டாக்டர் பரிசோதனைகளைப் பார்த்துவிட்டு இரும்புச்சத்து குறைவு என்றார். நூறு மில்லிகிராம் இரும்பு ஊசியைப் பத்து டயாலிசிஸுக்கு மெஷின் வழியாகவே ஏற்றச் சொன்னார். சிவப்பணு உருவாகத் தூண்டும் இபிஓ ஊசியின் அளவையும் கூட்டினார்.

அதே வாரத்தில்தான் மீன் எண்ணெயும் வந்து சேர்ந்தது. பக்கத்துப் படுக்கைக்காரரின் மனைவி, நல்ல மனசு உள்ள அம்மா, "இதை ஆரம்பிச்சதுக்கப்புறம் இவருக்கு எட்டிலிருந்து பதினொண்ணு ஆயிடுச்சு, நீயும் சாப்பிட்டுப் பாரும்மா" என்றார். அவர் பொய் சொல்லவில்லை. அவர் கண்ணால் பார்த்ததைத்தான் சொன்னார். அன்று மாலையே ஒரு பாட்டில் வாங்கிவரச் சொன்னேன். காலையில் ஒன்று, இரவில் ஒன்று. மார்ச் முதல் வாரம் ரிப்போர்ட் வந்தபோது ஹெச்பி 10.6 என்று இருந்தது. வீட்டுக்காரரைக் கூப்பிட்டுக் காட்டினேன். மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கவில்லை. நாள் முழுக்கச் சிரித்துக்கொண்டே இருந்தேன். இரண்டு மாதத்தில் புதிதாகச் செய்தது என்ன என்று யோசித்தால் என் மனதுக்கு எண்ணெய் மட்டும்தான் தோன்றியது. இரும்பு, இபிஓ எல்லாம் எப்போதும் போட்டுக்கொண்டிருந்தவைதானே என்று நினைத்துவிட்டேன்.

நான் வழுக்கியது இந்த இடத்தில்தான், அதனால் கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறேன். சிறுநீரகம் கழிவை மட்டும் அகற்றவில்லை, எரித்ரோபாய்ட்டின் (சுருக்கமாக இபிஓ) என்ற ஹார்மோனையும் சுரக்கிறது. எலும்பு மஜ்ஜைக்கு "சிவப்பணு உண்டாக்கு" என்று கட்டளை போவது அதன் மூலம்தான். சிறுநீரகம் செயலிழந்தால் அந்தக் கட்டளை நின்றுவிடும். டயாலிசிஸ் மெஷின் ரத்தத்தைச் சுத்தம் செய்யும், ஆனால் அந்த ஹார்மோனை உண்டாக்காது. நமக்குப் போடும் இபிஓ ஊசி அந்தக் கட்டளைதான். இரும்பு என்பது சிவப்பணு செய்யத் தேவையான மூலப்பொருள். டயாலிசிஸில் ஒவ்வொரு முறையும் குழாயிலும் டயலைசர் என்ற வடிகட்டியிலும் கொஞ்சம் ரத்தம் தங்கிப்போகிறது, பரிசோதனைக்கு எடுக்கிறார்கள், ஊசி குத்திய இடத்திலும் கசிகிறது. இப்படி வருடத்துக்கு ஒன்று முதல் மூன்று கிராம் வரை இரும்பு வெளியேறிவிடும். உடம்பு முழுவதிலும் இருப்பதே மூன்று நான்கு கிராம்தான் என்றால் அது எவ்வளவு பெரிய இழப்பு என்று பாருங்கள். கட்டளையும் மூலப்பொருளும் இரண்டும் வேண்டும். எண்ணெய் இந்த இரண்டில் எதுவும் இல்லை.

இன்னொன்றும் அன்று எனக்குத் தெரியாது. இந்த ஊசியின் பலன் ஹெச்பி எண்ணில் தெரிய இரண்டு முதல் ஆறு வாரம் ஆகும். அதேபோல ஊசியை நிறுத்தினாலும் மறுநாளே எண் விழாது, ஏற்கெனவே உருவான சிவப்பணுக்கள் சில வாரங்களுக்குத் தாக்குப்பிடிக்கும். ஆரோக்கியமானவருக்கு ஒரு சிவப்பணுவின் ஆயுள் சுமார் 120 நாள், நம்மைப் போன்றவர்களுக்கு அதைவிடக் குறைவு. ஆகவே இன்று கையில் இருக்கும் ரிப்போர்ட் போன மாதமும் அதற்கு முந்தைய மாதமும் நாம் செய்ததைத்தான் சொல்கிறது. மார்ச்சில் வந்த 10.6, ஜனவரியில் ஏற்றிய இரும்பும் கூட்டிய இபிஓவும் கொடுத்தது. நான் அதை எண்ணெயின் கணக்கில் எழுதிவிட்டேன். பக்கத்துப் படுக்கைக்காரருக்கும் அதே மாதங்களில் இரும்பு ஏறியிருந்தது என்று பிறகு சிஸ்டர் சொன்னபோதுதான் தெரிந்தது. ஒரு மருந்தோ சத்துப்பொருளோ வேலை செய்கிறதா என்று பார்க்க வேண்டுமானால், முந்தைய எட்டு வாரத்தில் வேறு என்னவெல்லாம் மாறியது என்று முதலில் எழுதிப் பாருங்கள். இதைச் செய்திருந்தால் அடுத்து எழுதப்போவது எதுவுமே நடந்திருக்காது.

எனக்கு இபிஓ ஊசியை நானே வாங்கிக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டிய ஏற்பாடு. ஒவ்வொரு மாதமும் அந்தச் செலவு வீட்டு வாடகையில் பாதிக்கு மேல் வரும். வீட்டுக்காரர் ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை. ஆனால் அவர் தனக்கென்று ஒரு செருப்புகூட வாங்காமல் தள்ளிப்போடுவதை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். எண்ணெய்தான் வேலை செய்கிறதே, ஊசியைக் குறைத்தால் என்ன என்று தோன்றியது. மார்ச்சில் வாரத்துக்கு இரண்டை ஒன்றாக்கினேன். சிஸ்டர் கேட்டபோது "இந்த ஊசியை வீட்டிலேயே போட்டுக்கிறேன் சிஸ்டர், பக்கத்துல ஒரு நர்ஸ் இருக்காங்க" என்று சொன்னேன். பொய். ஏப்ரலில் வந்த எண் 10.3. பார்த்தீர்களா, ஒன்றும் ஆகவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அந்த வாரத்தோடு ஊசியை முழுக்க நிறுத்திவிட்டேன். வீட்டில், டாக்டர் நிறுத்தச் சொன்னதாகச் சொன்னேன். அதுவும் பொய்.

பணம் ஒரு காரணம். ஆனால் அது மட்டும் காரணம் இல்லை. எத்தனையோ குத்தல்களுக்கு நடுவில் ஒரு குத்தலாவது இல்லாமல் இருக்கிறேனே என்ற நிம்மதி இருந்தது. என் உடம்பில் ஏதோ ஒன்று தானாகவே சரியாகிறது என்ற ஆசையும் இருந்தது. டயாலிசிஸில் இருப்பவர்கள் மனதில் அந்த ஆசை ஒரு மூலையில் எப்போதும் இருக்கும். அதை யாரும் குறை சொல்ல முடியாது. அந்த ஆசையைச் சுற்றித்தான் எல்லாச் சத்துப்பொருள் விளம்பரங்களும் வலை விரிக்கின்றன.

மே மாதம் 9.1. நான் எடை கூடி வந்த நாளில் ரத்தம் எடுத்ததால் தண்ணீரில் கலந்து குறைவாகக் காட்டுகிறது என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். உடம்பில் நீர் அதிகம் இருந்தால் ஹெச்பி சற்றுக் குறைவாகக் காட்டுவது உண்மைதான், அதனால் அந்தச் சமாதானம் எனக்கு நியாயமாகவே பட்டது. டாக்டர் ஊசியை வாரத்துக்கு மூன்றாக்கினார். நான் தலையாட்டிவிட்டு வந்து கேப்ஸ்யூலை இரண்டிலிருந்து ஆறாக்கினேன். வழக்கமான பாட்டில் கிடைக்காததால் உறவுக்காரப் பெண் வேறொன்று வாங்கிவந்தாள். அதுவும் மீன் எண்ணெய்தானே, கேப்ஸ்யூலும் அதே மஞ்சள் நிறம்தானே என்று விழுங்கினேன்.

மே கடைசியிலிருந்து டயாலிசிஸ் முடிந்து ஊசியை எடுத்தபின் ஃபிஸ்டுலாவில், அதாவது ஊசி குத்துவதற்காகக் கையில் ரத்த நாளங்களை இணைத்து வைத்திருக்கும் இடத்தில், ரத்தம் நிற்க நேரமாக ஆரம்பித்தது. முன்பெல்லாம் பத்து நிமிடம் அழுத்திப் பிடித்தால் போதும். இப்போது இருபத்தைந்து, முப்பது நிமிடம் ஆயிற்று. பஞ்சு இரண்டு மூன்று முறை நனைந்துவிடும். மெஷினில் வீனஸ் பிரஷர் அலாரம், அதாவது ரத்தம் உடம்புக்குத் திரும்பும்போது உள்ள அழுத்தத்தைக் காட்டும் அலாரம், அடிக்கடி அடித்தது. எண்ணெய் ரத்தத்தை இளக்குகிறது, அடைப்பு வராது, நல்லதுதானே என்று நினைத்தேன். டெக்னீஷியன் தம்பி, "அக்கா, டாக்டர்கிட்ட சொல்லுங்க, நானும் எழுதி வைக்கிறேன்" என்று இரண்டு முறை சொன்னான். நான் சரி சரி என்றேனே தவிர சொல்லவில்லை. சொன்னால் என்னென்ன சாப்பிடுகிறீர்கள் என்று கேட்பார்களே என்ற பயம்.

ஜூனில் 7.8. உடம்பில் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் 85, ரத்தத்தில் பயன்படக் கிடைக்கும் இரும்பைக் காட்டும் டிரான்ஸ்ஃபெரின் சாச்சுரேஷன் 11 சதவீதம். டயாலிசிஸில் இருப்பவருக்கு ஃபெரிட்டின் 200க்குக் கீழும் சாச்சுரேஷன் 20க்குக் கீழும் இருந்தாலே இரும்பு தீர்ந்துவிட்டது என்று அர்த்தம். டாக்டரின் பார்வையில் நிலைமை எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். ஜனவரியில்தான் ஒரு கிராம் இரும்பு ஏற்றியிருக்கிறார். வாரத்துக்கு மூன்று இபிஓ போடுவதாக நான் சொல்கிறேன். இருந்தும் ரத்தம் இறங்குகிறது, இரும்பும் காணாமல் போகிறது. எங்கோ உள்ளுக்குள் ரத்தம் கசிகிறது என்றுதான் அவர் நினைப்பார், அப்படித்தான் நினைத்தார். மலத்தில் ரத்தம் இருக்கிறதா என்று பரிசோதனை. பாராதைராய்டு ஹார்மோன், அழற்சியைக் காட்டும் சிஆர்பி, வைட்டமின் பி12, ஃபோலிக் அமிலம் எல்லாம் பார்த்தார்கள். இவற்றில் எது கெட்டாலும் ஊசி வேலை செய்யாமல் போகலாம் என்பதால் ஒன்றையும் விட முடியாது. அப்புறம் எண்டோஸ்கோபி. வாயில் குழாயை விட்டபோது கண்ணீர் வழிய வழியப் படுத்திருந்தேன். என் பொய்க்காகத்தான் இது நடக்கிறது என்று எனக்கு மட்டும் தெரிந்திருந்தது. குடலிலும் வயிற்றிலும் ஒன்றும் இல்லை என்று வந்தது. அந்த மாதம் பரிசோதனைகளுக்கு மட்டும் போனது, மூன்று மாதம் ஊசியில் நான் மிச்சம் பிடித்ததைவிட அதிகம்.

அதே சமயத்தில் எனக்கு விசித்திரமான ஒரு பழக்கம் வந்தது. ஐஸ் கட்டி. ஃப்ரிட்ஜைத் திறந்து ஐஸ் கட்டியை எடுத்துக் கடகடவென்று கடிப்பேன். ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து போய்க் கடிப்பேன். தாகம் இல்லை, வெக்கை இல்லை, கடித்தால்தான் மனம் அடங்கும். இரண்டு டயாலிசிஸுக்கு நடுவே இரண்டரைக் கிலோ ஏறிக்கொண்டிருந்தவள் நான்கு கிலோ ஏற ஆரம்பித்தேன். எல்லாரும் தண்ணீர்க் கட்டுப்பாடு இல்லை என்று திட்டினார்கள். இரும்புக் குறைபாட்டில் இப்படி ஐஸ் மேல் வெறி வரும் என்பது மருத்துவர்களுக்குத் தெரிந்த அறிகுறி. அன்று நான் வெட்கப்பட்டு மறைத்துவிட்டேன். உங்களுக்கோ வீட்டில் டயாலிசிஸ் செய்துகொள்பவருக்கோ திடீரென்று ஐஸோ, மண்ணோ, சாக்பீஸோ தின்னத் தோன்றினால் அதைக் கெட்ட பழக்கம் என்று ஒதுக்காமல் ரிப்போர்ட் பார்க்கும் நாளில் சொல்லிவிடுங்கள்.

இரும்பு மறுபடி ஏற்ற ஆரம்பித்தார்கள். ஆனாலும் ஜூலை இரண்டாவது வாரம் 6.6. மூலப்பொருள் வந்தது, கட்டளை இல்லையே. அன்று படியேறி வாசலுக்கு வருவதற்குள் நெஞ்சு படபடவென்று அடித்துக் கண் இருட்டியது. யூனிட்டிலேயே நாற்காலியில் சரிந்துவிட்டேன். உடனே அட்மிட் செய்தார்கள். டாக்டர் வந்து, புதிய சிவப்பணுக்கள் கிட்டத்தட்ட உருவாகவே இல்லை, மிக அரிதாகச் சிலருக்கு இந்த ஊசிக்கு எதிராகவே உடம்பில் எதிர்ப்பொருள் உண்டாகி மஜ்ஜை நின்றுபோகும், அதனால் எலும்பு மஜ்ஜையில் ஊசி விட்டு எடுத்துப் பார்க்க வேண்டியிருக்கலாம் என்று வீட்டுக்காரரிடம் சொன்னார். அவர் கை நடுங்கியது. அதைப் பார்த்த பிறகு என்னால் முடியவில்லை. "டாக்டர், நான் ஏப்ரலிலிருந்து ஊசியே போடவில்லை" என்றேன்.

அவர் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். திட்டுவார் என்று நினைத்தேன். "ஏன்மா, என்கிட்ட சொல்லியிருக்கலாமே. செலவுதான் பிரச்சினைன்னா வேற மருந்து, வேற வழி ஏதாவது பார்த்திருப்போமே" என்றார். பிறகு அந்தப் பாட்டில்களை வீட்டிலிருந்து எடுத்துவரச் சொன்னார்.

இரண்டாவது பாட்டிலைத் திருப்பிப் பார்த்ததும் அவர் முகம் மாறியது. முதல் பாட்டில் மீன் எண்ணெய். இரண்டாவது மீன் ஈரல் எண்ணெய். ஒரு சொல்தான் கூடுதல், ஆனால் இரண்டும் வேறு. ஈரல் எண்ணெயில் வைட்டமின் ஏயும் டியும் இருக்கும். வைட்டமின் ஏ கொழுப்பில் கரைவது, டயாலிசிஸில் வெளியேறாது. சிறுநீரகம் வேலை செய்யாதவர்களுக்கு அது ரத்தத்தில் ஏற்கெனவே கூடித்தான் இருக்கும். அதனால்தான் டயாலிசிஸ் நோயாளிகளுக்கென்று தரும் வைட்டமின் மாத்திரைகளில் பி வகைகளும் சியும் இருக்கும், ஏ இருக்காது. நான் தினம் ஆறு கேப்ஸ்யூல் விழுங்கியிருக்கிறேன். உதடு வெடித்தது, முடி கொத்துக் கொத்தாக வந்தது, தோல் உலர்ந்து இரவெல்லாம் சொறிந்தது என எல்லாவற்றையும் யூரியா கூடிவிட்டதால் என்று நினைத்திருந்தேன். கால்சியமும் 11.2க்குப் போயிருந்தது. பாட்டிலை நிறுத்தி இரண்டு மாதத்தில் இவையெல்லாம் ஒவ்வொன்றாக அடங்கின. தயவுசெய்து பாட்டிலின் முன்பக்கத்தைப் பார்த்து வாங்காதீர்கள். ஈரல் என்ற சொல் இருக்கிறதா, வைட்டமின் ஏ இருக்கிறதா என்று பின்பக்கச் சிறிய எழுத்தைப் படியுங்கள். முன்னால் ஆயிரம் மில்லிகிராம் என்று பெரிதாக இருக்கும். பின்னால் பார்த்தால் பயன் தரும் ஒமேகா-3 கொழுப்புகளான ஈபிஏ, டிஹெச்ஏ இரண்டும் சேர்த்து முந்நூறுதான் இருக்கும். நான் வாங்கிய முதல் பாட்டிலும் அப்படித்தான் இருந்தது.

ரத்தம் நிற்காமல் போனதற்கு எண்ணெயைக் காரணம் சொல்லிக்கொண்டிருந்தேன் அல்லவா? ஸ்கேன் செய்தபோது ஃபிஸ்டுலாவில், ரத்தம் திரும்பிப் போகும் பாதையில் சுருக்கம். உள்ளே அழுத்தம் கூடியதால்தான் ஊசி ஓட்டை மூடாமல் ரத்தம் வந்துகொண்டே இருந்திருக்கிறது, வீனஸ் பிரஷர் அலாரமும் அதனால்தான். இரண்டு மாதமாக ஒவ்வொரு முறையும் அப்படிப் போன ரத்தத்தோடு இரும்பும் போயிருக்கிறது. பலூன் வைத்து விரித்தார்கள். இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தால் ஃபிஸ்டுலாவே அடைத்துப்போயிருக்கும் என்றார்கள். வழக்கத்தைவிட ரத்தம் நிற்க நேரமாகிறது என்றால் அடுத்த டயாலிசிஸுக்குள் டாக்டர் காதில் போட வேண்டும். டயாலிசிஸில் ரத்தம் உறையாமல் இருக்க ஹெப்பரின் போடுகிறார்கள், பலர் ஆஸ்பிரினும் சாப்பிடுகிறோம். அதோடு அதிக அளவில் மீன் எண்ணெயும் சேர்க்கிறோம் என்றால் அதையும் அவர்கள் கணக்கில் எடுக்க வேண்டும், சொன்னால்தானே எடுப்பார்கள்.

இதுவரை சொன்னதெல்லாம் பணத்தோடும் வலியோடும் போனவை. எனக்கு இன்றும் தாங்க முடியாதது வேறு. 6.6இல் நெஞ்சு படபடக்கும்போது காத்திருக்க முடியாது, ரத்தம் ஏற்றித்தான் ஆக வேண்டும். டயாலிசிஸ் ஓடும்போதே இரண்டு யூனிட் ஏற்றினார்கள். அப்படிச் செய்தால் ரத்தத்தோடு வரும் பொட்டாசியத்தையும் கூடுதல் நீரையும் மெஷின் எடுத்துவிடும். என் அக்கா எனக்குச் சிறுநீரகம் தருவதாக இருந்தாள். ஆகஸ்டில் தேதி குறிக்க இருந்தோம். பரிசோதனைகள் எல்லாம் பொருந்தியிருந்தன. அடுத்தவர் ரத்தம் ஏறும்போது அதிலுள்ள அணுக்களுக்கு எதிராக நம் உடம்பு எதிர்ப்பொருள் உண்டாக்கக்கூடும், அது மாற்றுச் சிறுநீரகத்தையும் தாக்கும். வெள்ளையணுக்களை வடிகட்டிய ரத்தம் கொடுத்தாலும் அந்த அபாயம் முழுக்கப் போகாது. பிள்ளை பெற்றவர்களுக்கு இது இன்னும் எளிதில் நடக்கும், நான் இரண்டு பெற்றவள். ஆகஸ்டில் மறுபடி பரிசோதித்தபோது எதிர்ப்பொருள் வந்திருந்தது. அக்காவின் அணுக்களோடு என் ரத்தம் பொருந்தவில்லை. அறுவை தள்ளிப்போனது. அக்கா வேலையில் மூன்று மாத விடுப்பு வாங்கி, பிள்ளைகளை மாமியாரிடம் விட ஏற்பாடு செய்து, உடம்பைக் குறைத்துத் தயாராக இருந்தாள். அவளிடம் சொல்ல நான் போனைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். மாற்று அறுவைக்குக் காத்திருப்பவர்கள் ரத்தம் ஏற்றாமல் காலம் தள்ளுவதற்குத்தான் இபிஓவும் இரும்பும் முக்கியமாக உதவுகின்றன. அந்த ஊசியை வெறும் தெம்பு ஊசி என்று நினைத்திருந்தேனே என்று இன்றும் மனம் ஆறவில்லை.

எண்ணெய் மேல் எனக்குக் கோபம் இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். வீட்டுக்கு வந்தபின் இதைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்தேன், புரியாததை டாக்டரிடம் கேட்டேன். 2017இல் வந்த ஒரு ஆய்வில் புதிதாக ஃபிஸ்டுலா வைத்தவர்களுக்குத் தினம் நான்கு கிராம் மீன் எண்ணெய் மூன்று மாதம் கொடுத்துப் பார்த்தார்கள், ஃபிஸ்டுலா பழுதாவது குறையவில்லை. இன்னொரு ஆய்வு 2025 நவம்பரில் வெளியானது, கனடாவிலும் ஆஸ்திரேலியாவிலும் ஹீமோடயாலிசிஸில் (நம்மைப் போல மெஷினில் ரத்தம் சுத்தம் செய்துகொள்வதில்) இருக்கும் 1,228 பேரிடம் நடந்தது. அதில் தினம் நான்கு கிராம் எடுத்தவர்களுக்கு மாரடைப்பு, பக்கவாதம் போன்ற பெரிய பாதிப்புகள் கணிசமாகக் குறைந்தன. இது நமக்கு நல்ல செய்திதான், டாக்டரோடு பேச வேண்டிய செய்தியும்கூட. ஆனால் அது இதயத்தைப் பற்றியது. அந்த ஆய்வில் இருந்தவர்கள் தங்கள் வழக்கமான சிகிச்சையோடுதான் அதை எடுத்தார்கள், அவற்றை நிறுத்திவிட்டு இல்லை. மீன் எண்ணெய் இபிஓவுக்கு மாற்று என்று எந்த ஆய்வும் காட்டவில்லை. அழற்சி குறைந்தால் ஊசி இன்னும் நன்றாக வேலை செய்யலாம் என்ற யோசனை இருக்கிறது, அதுவும் ஊசி உள்ளே போனால்தானே.

இன்னொரு பக்கமும் உண்டு. நான் திரும்ப ஊசி ஆரம்பித்ததும் சீக்கிரம் பதிமூன்று, பதினான்குக்கு ஏற்றிவிடுங்கள் என்று கெஞ்சினேன். டாக்டர் மறுத்துவிட்டார். 1998இல் இதயநோய் உள்ள டயாலிசிஸ் நோயாளிகளுக்கு ரத்த அளவை ஆரோக்கியமானவர்கள் அளவுக்கு உயர்த்திப் பார்த்த ஆய்வை, பலன் இல்லாததோடு பாதிப்பும் தெரிந்ததால் பாதியிலேயே நிறுத்தினார்களாம். 2009இல் சர்க்கரை நோயும் சிறுநீரகக் கோளாறும் உள்ளவர்களிடம் நடந்த ஆய்வில் அதிக அளவுக்கு உயர்த்தப்பட்டவர்களுக்குப் பக்கவாதம் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு வந்தது. அதனால்தான் பெரும்பாலும் பத்திலிருந்து பதினொன்றரைக்குள் வைக்கப் பார்க்கிறார்கள். மெல்ல ஏற வேண்டும், வேகமாக ஏறினால் பிரஷரும் எகிறும். எனக்கு 10.2 வர மூன்றரை மாதம் ஆயிற்று. காத்திருப்பு அறையில் யாராவது பதினான்கு என்று பெருமையாகச் சொன்னால் இப்போது எனக்குப் பொறாமை வருவதில்லை, டாக்டரைப் பார்த்தீர்களா என்று கேட்கிறேன்.

செலவுக் கணக்கையும் மறைக்காமல் சொல்கிறேன். ஊசியை விட்டதில் மிச்சமானதைப் போல எட்டு மடங்கு பணம் போயிற்று. எண்டோஸ்கோபி, பரிசோதனைகள், ஐந்து நாள் அட்மிஷன், ரத்தம், பலூன் சிகிச்சை, திரும்ப ஒரு சுற்று இரும்பு. வீட்டுக்காரருக்குப் பதினொரு நாள் சம்பளம் போனது. டாக்டரிடம் செலவைப் பற்றி வாய்விட்டுப் பேசிய பிறகு என்ன நடந்தது தெரியுமா? அதே மருந்தின் விலை குறைந்த வேறு தயாரிப்பு ஒன்றுக்கு மாற்றிக் கொடுத்தார். இரும்பு ஒழுங்காக ஏறியதும் ஊசியின் அளவையே குறைக்க முடிந்தது. இரும்பு போதுமான அளவில் இருந்தால் இபிஓ குறைவாகவே போதும் என்பது 2,000 பேருக்கு மேல் பங்கேற்ற ஒரு பிரிட்டன் ஆய்விலும் தெரிந்த விஷயம். நான் ரகசியமாகச் செய்ய நினைத்ததை டாக்டர் பாதுகாப்பாகச் செய்து காட்டினார். பத்து நிமிடப் பேச்சுதான். கூச்சம்தான் என்னைத் தடுத்தது.

ஊசியை வீட்டில் வைத்திருப்பவர்கள் இன்னொன்றையும் கவனியுங்கள். அது 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும். ஃப்ரீசரில் வைத்து உறைந்துவிட்டால் வீண், குலுக்கவும் கூடாது. என் பக்கத்துப் படுக்கைக்காரர் ஒரு மாதம் ஃப்ரீசரை ஒட்டிய தட்டில் வைத்துப் போட்டிருக்கிறார். ஹெச்பி ஏறவில்லை என்று அவருக்கும் அலைச்சல்.

இப்போது என்னிடம் ஒரு நோட்டு இருக்கிறது. இடது பக்கம் தேதி, ஊசி, இரும்பு, கேப்ஸ்யூல், மூலிகை, டானிக் என்று வாயில் போவதும் உடம்பில் ஏறுவதும் எல்லாம். வலது பக்கம் ஹெச்பி, ஃபெரிட்டின், சாச்சுரேஷன், கால்சியம், ரத்தம் நிற்க ஆன நிமிடங்கள். ஒவ்வொரு ஊசிக்கும் சிஸ்டர் பக்கத்தில் கையெழுத்துப் போடுகிறார், அதை நானேதான் கேட்டு வாங்கினேன். பக்கத்துப் படுக்கை அம்மா அதைப் பார்த்துவிட்டு தன் வீட்டுக்காரருக்கும் ஒரு நோட்டு போட்டிருக்கிறார். அவர் வீட்டுக்காரர் இன்னும் எண்ணெய் சாப்பிடுகிறார், டாக்டருக்குத் தெரிந்து.

எதிர்ப்பொருள் பரிசோதனை மூன்று மாதத்துக்கு ஒரு முறை எடுக்கிறார்கள். போன முறை அளவு கொஞ்சம் குறைந்திருந்தது. அடுத்தது வரும் மாதம். அக்கா ஒவ்வொரு ஞாயிறும் போன் செய்கிறாள், அறுவையைப் பற்றி எதுவும் கேட்பதில்லை. "ஊசி போட்டியாடி?" என்று மட்டும் கேட்கிறாள். நான் நோட்டைத் திறந்து தேதிகளைப் படித்துக் காட்டுகிறேன்.